பாட்டைப் பாதியில் வெட்டாதேங்கோ: படம், தொடர், பாட்டுக்காரர் பற்றிக் கேட்டவையும் என் பதிலும்

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஒரு றெக்கோடிங் பார், அதாவது கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை, வைத்திருந்தேன். ஆட்கள் கொப்பி ஒற்றையில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார்கள். 90 நிமிடக் கசெற் என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம். கணக்குப் பிழைத்தால் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்துவிடும். மறுநாள் விடியவே கசெற்றோடு வாசலில் வந்து நிற்பார்கள். 1990இல் கரண்ட் போனது, கடையும் போனது. காது மட்டும் அந்த வேலையை இன்னும் விடவில்லை. இப்போது மகள் வாங்கித் தந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரவிரவாகப் படம் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. இந்தமுறை கேட்டவற்றுக்கு மனதில் பட்டதைச் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் திட்டலாம்.

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி: அண்ணை, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில கதைக்கிறது எங்கட தமிழோ? வீட்டில ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிக்கிறம்.

ரெண்டு கட்சியும் பாதிச் சரி. 2022 நெருக்கடியில் வாழ வழியில்லாமல் கடல் தாண்டி ராமேஸ்வரத்தில் இறங்கி, சென்னையில் குடியேறும் குடும்பத்தின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் சொற்களைப் பிடித்துவிட்டார்கள். பிழைப்பது ராகத்தில்தான். நாங்கள் ‘ஓம்’ என்று இழுத்தால் நம்பவில்லை என்று அர்த்தம். வெட்டிச் சொன்னால் சரி, போ என்று அர்த்தம். ‘ஓமோம்’ என்றால் நீ சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. தமிழ்நாட்டுப் படங்களில் எல்லா ஓமும் ஒரே ஓம். 2000இல் கமல் எங்கட தமிழ் கதைத்த ‘தெனாலி’ வந்தபோதும் எங்கள் சந்தியில் இதே சண்டைதான்.

ஆனாலும் ஒன்று. இந்தப் படத்தில் வாயைத் திறந்தால் பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தோடுதான் அவர்கள் நடமாடுகிறார்கள். கொழும்பில் லொட்ஜ் அறையில் இருந்துகொண்டு, பஸ்ஸில் தமிழில் கதைக்க யோசித்த எவருக்கும் அது விளங்கும். முதல் படம் எடுக்கும் இளம் இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு அது எப்படி விளங்கியது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கடைசிப் பகுதியில் எல்லோரும் இவ்வளவு நல்லவர்களாக மாறத் தேவையில்லை. அது கொஞ்சம் தேத்தண்ணியில் சீனி கூடின மாதிரி.

நல்லூரில் இருந்து ஒரு தங்கச்சி: ‘மெய்யழகன்’ சரியான இழுவை எண்டு அண்ணா சொல்லுறார். நான் மூண்டு தரம் அழுதிட்டன். ஆர் சரி?

நீங்கள்தான். மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட இருந்த படம் அது. வெளியாகிச் சில நாட்களில் 18 நிமிடம் போல வெட்டினார்கள். வெட்டியதைத்தான் நானும் பார்த்தேன், எனக்கு அந்த 18 நிமிடமும் வேண்டும். பழைய றெக்கோடிங் பார்க்காரனின் கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கோ.

சொத்துப் பிரச்சினையில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போனவர் அரவிந்த் சுவாமி. இருபது வருசத்துக்கு மேல் கழித்து ஒரு கலியாணத்துக்கு வருகிறார். ‘அத்தான், அத்தான்’ என்று கார்த்தி ஒட்டிக்கொண்டு திரிகிறார். இவருக்கோ அவர் யார் என்றே ஞாபகம் இல்லை, கேட்கவும் வெட்கம். இந்தக் கதையை எடுக்கக் கமரா தேவையில்லை. நல்லூர்த் திருவிழா நேரம் தேர்முட்டிப் பக்கம் அரை மணித்தியாலம் நின்றால் போதும். போன வருசம் நோர்வேயில் இருந்து வந்த ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா கேட்டார்: “என்னை ஆரெண்டு தெரியுதோ, தம்பி?” அவர் “தெரியாம என்னம்மா” என்றார். கண் மட்டும் பக்கத்தில் நின்ற மனைவியிடம் உதவி கேட்டது. அந்தச் சங்கடத்தைப் பிரேம்குமார் ஓர் இரவு முழுக்க நீட்டியிருக்கிறார். சுருக்கினால் அது பகிடியாகத்தான் முடியும். அண்ணாவிடம் சொல்லுங்கோ, இழுவை வேறு, பொறுமை வேறு.

மானிப்பாயில் இருந்து, கிற்றார் பழகும் ஒரு மருமகன்: மாமா, பாட்டுக்காரர் பற்றின ஆவணப்படங்களில எதில தொடங்கலாம்? எல்லாத்திலயும் ஆக்கள் இருந்து கதைச்சுக்கொண்டே இருக்கினம்.

அதுதான் என் முறைப்பாடும். ‘சம்மர் ஆஃப் சோல்’ எடுத்துப் பாருங்கோ. 1969இல் நியூயோர்க்கின் ஹார்லெமில் நடந்த இசைவிழாவைப் படம் பிடித்து, ஐம்பது வருசம் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். எடுத்தவுடனேயே ஸ்டீவி வொண்டர் ட்ரம்ஸில் ஏறிக் குந்துகிறார், உடம்பு சிலிர்க்கும். ஒஸ்காரும் கிடைத்தது, நியாயம்தான். ஆனால் பாட்டு சூடுபிடிக்கிற நேரம் பார்த்து ஒருவர் வந்து அதன் மேலே விளக்கம் சொல்லத் தொடங்குகிறார். ஐம்பது வருசம் காத்திருந்த பாட்டுக்கு இன்னும் மூன்று நிமிடம் கொடுத்தால் என்ன?

நீங்கள் தொடங்க வேண்டியது பீட்டர் ஜாக்சன் தொகுத்த ‘த பீட்டில்ஸ்: கெட் பேக்’. எட்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட, மூன்று பாகம். விளக்கம் சொல்ல ஆளே இல்லை. 1969 ஜனவரியில் அந்த ஆங்கிலேயப் பாட்டுக்குழு ஒத்திகை பார்த்தபோது பிடித்த படச்சுருள்தான் கிட்டத்தட்ட முழுதும். முதல் பாகத்தில் ஓர் இடம்: லெனன் இன்னும் வந்து சேரவில்லை. பால் மக்கார்ட்னி பேஸ் கிற்றாரைச் சும்மா பிறாண்டிக்கொண்டு ஏதோ முனகுகிறார். சொல் இல்லை, வெறும் சத்தம். எதிரே ஜோர்ஜ் கொட்டாவி விடுகிறார். ரெண்டு நிமிடம் போக அந்த முனகலுக்குள் இருந்து உலகமே பாடிய பாட்டு ஒன்று மெல்லத் தலை நீட்டுகிறது. கொட்டாவி விட்டவரும் கிற்றாரைக் கையில் எடுக்கிறார். நான் அதை நாலு தரம் திருப்பிப் போட்டேன்.

இன்னொரு சங்கதி. கமராக்காரர் ஒட்டுக்கேட்கக் கூடாதென்று, தனியக் கதைக்கும்போது கிற்றாரைச் சத்தமாகத் தட்டிக்கொண்டு கதைத்திருக்கிறார்கள். ஜாக்சனின் ஆட்கள் கணினியைப் பழக்கி, ஒரே நாடாவில் கலந்து கிடந்த கிற்றாரையும் குரலையும் பிரித்தெடுத்துவிட்டார்கள். என்னிடம் அந்த யந்திரம் இருந்திருந்தால், கலியாணவீட்டுக் கசெற்றுகளில் மேளத்துக்குள் புதைந்துபோன வாழ்த்துரைகளை எல்லாம் மீட்டுக் கொடுத்திருப்பேன். யாருக்கு அந்த வாழ்த்துரை வேணும் என்பது வேறு கதை.

அதே மருமகன்: எட்டு மணித்தியாலமோ! சோதனை வருது மாமா.

சரி, அப்ப ஒன்றரை மணித்தியாலத்தில் ‘த கிரேட்டஸ்ட் நைட் இன் பொப்’ பாருங்கோ. 1985 ஜனவரியில் ஒரே இரவில் நாற்பதுக்கு மேற்பட்ட பெரிய பாடகர்களை ஒரு ஸ்ரூடியோவுக்குள் அடைத்து, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பாட வைத்த கதை. தலைக்கனத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு வரச் சொல்லி குவின்சி ஜோன்ஸ் எழுதி ஒட்டியிருப்பார். பொப் டிலன் தன் வரியைப் பாட முடியாமல் முழிக்கிறார். ஸ்டீவி வொண்டர் பியானோவில் இருந்து டிலனின் குரலிலேயே அந்த வரியை டிலனுக்குப் பாடிக் காட்டுகிறார். அதுக்காகவே பார்க்கலாம்.

சுன்னாகத்தில் இருந்து ஓர் அம்மா: ‘அடலசன்ஸ்’ தொடரை 13 வயது மகனோட இருந்து பார்க்கலாமோ?

முதலில் நீங்கள் தனியப் பாருங்கோ. நாலே பகுதி. ஒவ்வொன்றும் ஒரே ஷொட், இடையில் வெட்டே இல்லை. வகுப்புப் பிள்ளையைக் கொலை செய்ததாக ஒரு பையனைக் கைதுசெய்கிறார்கள், அவனுக்கும் 13 வயதுதான். மூன்றாவது பகுதியில் அவனும் உளவியலாளரும் ஓர் அறைக்குள் இருந்து கதைப்பது மட்டும்தான். எனக்கு வேர்த்துவிட்டது. மகனோடு பார்த்தால் பிறகு போனை வாங்கிச் சோதிக்காதேங்கோ, என்ன விளங்கினது என்று கேளுங்கோ.

பருத்தித்துறையில் இருந்து ஒருவர்: ‘கொட்டுக்காளி’ பார்த்து ஏமாந்து போனேன். பின்னணி இசையும் இல்லை, முடிவும் இல்லை.

இசை இல்லாததுதான் அதன் இசை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், பயப்படாதேங்கோ. ஹெட்போன் போட்டு இன்னொரு தரம் பாருங்கோ. ஓட்டோவின் இரைச்சல், கட்டிக் கிடக்கிற சேவல், சூரியின் கரகரத்த தொண்டை. இவ்வளவுக்கும் நடுவில் அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய பிடிவாதம் என்று அப்போதுதான் தெரியும். நான் முதலில் ஓர் அரங்கில் பார்த்தேன். இடைவேளைப் பாட்டின் சத்தத்தைக் குறைக்காமலே படத்தை ஓடவிட்டார்கள், பத்து நிமிடம் எந்த ஒலி எங்கே இருந்து வருகிறது என்றே தெரியவில்லை. முடிவைப் பற்றிச் சண்டைக்கு வாறதென்றால் வாங்கோ, அதில் எனக்கும் முழுத் திருப்தி இல்லை.

சாவகச்சேரித் தம்பி: ‘சுழல்’ இரண்டாவது சீசன்?

முதலாவதில் மயானக் கொள்ளைத் திருவிழாவும் கதையும் சேர்ந்து ஓடின. இரண்டாவதில் திருவிழா மேளம் ஒரு பக்கம், கதை மற்றப் பக்கம். மழை நாளுக்குச் சரி.

ரொறன்ரோவில் இருந்து ஒரு மச்சான்: மாயா பற்றின படம் பார்த்தியா?

‘மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.’ தானே? பார்த்தேன். சின்ன வயதில் இங்கே இருந்துவிட்டு லண்டன் போய், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடகியான பிள்ளை. தானே பிடித்து வைத்த வீடியோக்களில்தான் படத்தின் பெரும்பகுதி. அவவின் பாட்டு என் காதுக்கு ஒத்துவராது. ஆனால் ஊருக்கு வந்து சொந்தக்காரரோடு இருந்து கதைக்கிற பகுதியில், கமராவைப் பிடித்திருப்பவர் விருந்தாளியா வீட்டுப்பிள்ளையா என்று அவவுக்கே தெரியாத ஒரு நிலை இருக்கிறது, பார். அதுக்குத்தான் என் ஓட்டு.

இணுவிலில் இருந்து ஒரு பெரியவர்: வெள்ளைக்காரரை விடு தம்பி. எங்கட தெட்சணாமூர்த்தியைப் பற்றி ஏதும் இருக்கோ?

இருக்கு ஐயா. அம்ஷன் குமார் எடுத்த ‘யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி’. இந்தியாவில் தேசிய விருதும் கிடைத்தது. 1975இல் போய்விட்ட தவில்காரருக்கு நாற்பது வருசம் கழித்து ஒரு படம், அதுவும் கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்த ஒருவர் எடுத்தது. நாங்கள் வெட்கப்படலாம்.

கடை வைத்திருந்த காலத்தில் ஒரு மேளச்சமாக் கசெற் என்னிடம் இருந்தது. எந்தக் கோயிலில் பதிந்தது என்று உறையில் எழுதவில்லை. தவில் தெட்சணாமூர்த்தி என்று மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது. கொப்பி பண்ண வந்த ஒருவர் 45 நிமிடமும் வாசற்படியில் குந்தியிருந்து, விரலால் தொடையில் தாளம் போட்டுக் கேட்டுவிட்டு, காசைத் தந்தார், கசெற்றை மறந்து போய்விட்டார். மூலமும் கொப்பியும் ரெண்டும் இன்னும் என்னிடம்தான் கிடக்கு, பூஞ்சணம் பிடிக்காமல் அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறேன். போட்டுக் கேட்கத்தான் டெக் இல்லை. அளவெட்டி, இணுவில் பக்கம் யாரிடமாவது நாடாவைத் தின்னாமல் ஓடுகிற டெக் இருந்தால் சொல்லி விடுங்கோ, சைக்கிளில் கொண்டுவாறன்.