மிசாவாவின் கழுத்து

அன்புள்ள அண்ணா,
ஜப்பானின் நோவா மல்யுத்த நிறுவனம் 2005இல் டோக்கியோ டோமில் பெருங்கூட்டத்தைக் கூட்டியது. நான்கே வருடத்தில் டிவி ஒப்பந்தத்தை இழந்தது. நிர்வாகக் கோளாறா, எம்எம்ஏ எனும் கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டைகளின் அலையா? எப்படியும் முன்பே பேசிவைத்த சண்டைதானே, இதற்குப் போய் ஏன் அழுகிறார்கள்?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

போன வாரம் முழுக்க நான் நோவாவின் முதலாளியும் வீரருமாக இருந்த மிசாவாவின் பழைய மேட்சுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிப்பான் டிவி 2009 மார்ச்சில் ஒளிபரப்பை நிறுத்தியது பெரிய அடிதான். எம்எம்ஏவும் கூட்டத்தைக் கொஞ்சம் இழுத்திருக்கும். சரி, அதையெல்லாம் கணக்குப் பார்க்கிறவர்கள் எழுதட்டும். உங்கள் கடைசி வரியை என்னால் விட முடியவில்லை.

யார் ஜெயிப்பது என்பதைப் பேசிவைக்கலாம். விழுகிற உடம்பிடம் என்ன பேசிவைப்பீர்கள்? 2003 மார்ச் 1, புடோகான் அரங்கம். மிசாவா, நோவாவின் இன்னொரு நட்சத்திரமான கோபாஷியின் இரண்டு கைகளையும் பின்னாலிருந்து பூட்டி, வீரர்கள் நடந்துவரும் மேடையிலிருந்து அப்படியே பின்பக்கமாகத் தரைக்குத் தூக்கிப் போடுகிறார். இருவரும் சேர்ந்தே விழுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள், பேசிவைத்தது என்று.

என் அப்பா கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்தவர், பத்தாம் நாள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் முழு உடம்போடுதான் திரும்புவார். மிசாவாவின் கடைசி வருட மேட்சுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம்.

2000இல், ஆல் ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தை ஆரம்பித்த ஜெயண்ட் பாபாவின் மனைவியோடு ஒத்துப்போகாமல் மிசாவா அங்கிருந்து வெளியேறி நோவாவைத் தொடங்கினார். உள்ளூர் வீரர்களில் கவாடா, ஃபூச்சி இருவரைத் தவிர ஏறக்குறைய எல்லோரும் அவர் பின்னால் வந்துவிட்டார்கள். அத்தனை வீட்டு அடுப்பும் அவர் தலையில். முதலாளியும் அவர்தான், டிக்கெட் விற்கிற முகமும் அவர்தான். 2006இல் கோபாஷி சிறுநீரகப் புற்றுநோயில் படுத்தார். அந்த வருடக் கடைசியில், 44 வயதில், மிசாவா மறுபடி சாம்பியன் பட்டத்தைச் சுமந்தார், 2008 மார்ச் வரை. ஓய்வெடுக்க வேண்டிய கழுத்து அது.

2009 ஜூன் 13, ஹிரோஷிமா. எதிராளி சாய்ட்டோ மிசாவாவைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட்டார். எத்தனையோ தடவை வாங்கிய அடி. இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. கூட்டம் 'மிசாவா, மிசாவா' என்று கத்திக்கொண்டே இருந்தது. 47ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருந்தது.

நோவா இன்றும் நடக்கிறது தம்பி. சாய்ட்டோவும் அந்த இரவைச் சுமந்துகொண்டு 2024 வரை ரிங்கில் ஏறினார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீங்கள்.