குளிருக்கு கைவிரல் கால்விரல் வெள்ளையாகி மரத்துப் போகுது, ரத்தம் பத்தாததாலயா?

நானுஓயா பக்கம் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, விடிய பீலியில தண்ணி புடிச்சா விரல் வெளுத்துப் போகுது, வீட்டுல எல்லாரும் ரத்தம் பத்தாதுன்னு சொல்றாங்க, என்ன செய்றதுன்னு. எனக்கு இது 17 வயசுல தொடங்கிச்சு, இப்ப 39. தலவாக்கலைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துலதான் (தொழிலாளருக்கான வரிசை வீடு) வளந்தேன், அதனால எனக்கு நடந்தத வச்சே சொல்றேன் தங்கச்சி.

எனக்கும் அதையேதான் சொன்னாங்க. அம்மா பீட்ரூட்டா அவிச்சுக் குடுத்தாங்க, தோட்டத்து டிஸ்பென்சரியில இரும்புச்சத்து குளிசை குடுத்தாங்க, ரெண்டு வருசம் முழுங்கினேன், விரல் அப்படியேதான் இருந்துச்சு. ஒடம்புல ரத்தம் இருக்கு, விரலுக்கு வர்ற வழிதான் அடைபடுது. குளிர் பட்டா எல்லாருக்குமே விரல்ல இருக்குற சின்ன ரத்தக்குழாய் கொஞ்சம் சுருங்கும், உள்ள இருக்குற சூடு வெளிய போகாம இருக்க. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அது அளவுக்கு மிஞ்சி இறுகிப் போயிடுது. இதுக்கு ரேனோன்னு பேரு, மொரிஸ் ரேனோன்ற பிரான்ஸ் டாக்டர் 1862ல இதப் பத்தி எழுதினதால அவரு பேரையே வச்சிட்டாங்க. பயந்தாலோ மனசு பதறினாலோகூட வரும், எனக்கு பரீட்சை மண்டபத்துல வந்திருக்கு.

எனக்கு எப்பவும் இடது கை மோதிர விரல்லதான் ஆரம்பிக்கும். நுனியில இருந்து ரெண்டாவது மடிப்பு வரைக்கும் மெழுகுதிரி மாதிரி வெள்ளை, கோடு கிழிச்ச மாதிரி அங்க நிக்கும், அதுக்குக் கீழ சாதாரண நெறம். கிள்ளினாலும் தெரியாது, சட்டை பொத்தான் போட வராது. பொறகு நீலம் பாயும், சூடு திரும்பி வர்றப்போ செவந்து ஊசியா குத்தும், வலி எல்லாம் அந்த நேரத்துலதான். நம்ம நெறத்துக்கு செவப்பு நல்லா தெரியாது, நகத்தையும் உள்ளங்கைப் பக்கத்தையும் பாருங்க.

ஒண்ண மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. 19 வயசுல நான் கொழுந்து எடுக்கப் போய்க்கிட்டிருந்தேன், ஒரு தை மாசம் பெரட்டுக்கு (காலையில வேலை பிரிச்சுக் குடுக்குற இடம்) போக முன்ன விரல் மரத்துப் போச்சுன்னு அடுப்புக்கு நேரா காட்டினேன், மரத்த விரலுக்கு சூடு தெரியாதுதானே, எடுத்துப் பார்த்தா ரெண்டு விரல்ல கொப்பளம், அது ஆற ஒரு மாசம் ஆச்சு. கொதிக்கிற தண்ணியும் அப்படித்தான். வெதுவெதுன்னு இருக்குற தண்ணியில வைங்க, தண்ணி இல்லாட்டி கக்கத்துல வச்சு அமுக்குங்க, இல்லாட்டி கைய வட்டமா சுழட்டுங்க, ரத்தம் நுனிக்கு எறங்கும்.

கிளவுஸ் போட்டா சரியாகிடும்னு நான் ரொம்ப நாள் நெனச்சேன். நெஞ்சும் கழுத்தும் தலையும் குளிர்ந்தாலே ஒடம்பு விரலுக்குப் போற வழிய அடைச்சிடும், அதனால உள்ள ஒரு பெனியன், மேல ஜேர்சி, தலைக்கு தொப்பி, இதெல்லாம் வெளிய எறங்க முன்னமே போட்டுடணும், குளிர்ந்த பொறகு போட்டு பிரயோசனம் கொறவு. காலுக்கு கம்பளி மேஸ் (சாக்ஸ்) நல்லது, பருத்தி நனைஞ்சா காயாது. நம்ம பக்கம் தை மாசிப் பனிய விட எனக்கு ஆனி ஆடி மழையும் காத்தும்தான் மோசம், கொழுந்து எடுக்குறவங்களுக்கு நாள் முழுக்க விரல் ஈரத்துலயே இருக்கும், கிளவுஸ் போட்டா கொழுந்து தெரியாது. அம்மா நெறுக்குற இடத்துல காஞ்ச துணி ஒண்ணு வச்சிருப்பாங்க, கொழுந்து நெறுத்து முடிஞ்சதும் என் கைய தொடச்சி அவங்க கழுத்துல வச்சிக்குவாங்க. பாத்திரம் கழுவுறதுக்கு ரப்பர் கிளவுஸ் வாங்கிக்கோங்க. சிகரட் மட்டுமில்ல, வெத்தலையோட போடுற பொகையிலயும் ரத்தக்குழாய சுருக்கும், வீட்டுல யாருக்காவது இருந்தா சொல்லுங்க.

கிளினிக்குக்கு ஒரு தடவையாவது போகணும். சின்ன வயசுல தொடங்கி ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி வந்தா பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இல்ல. 30க்குப் பொறகு புதுசா வந்தா, ஒரு கையில மட்டும் வந்தா, தோல் இறுகினா, மூட்டு வீங்கினா, அது லூபஸ் (ஒடம்போட எதிர்ப்பு சக்தியே ஒடம்பத் தாக்குற நோய்), ஸ்கிளெரோடெர்மா (தோல் இறுகுற நோய்) மாதிரி வேற நோயோட அடையாளமா இருக்கலாம், அதுக்கு ரத்த டெஸ்ட் எடுப்பாங்க, நக ஓரத்த லென்ஸ் வச்சு பார்ப்பாங்க. நான் ரெண்டு தடவ போனப்பவும் பஸ்ல போய்ச் சேர்றதுக்குள்ள விரல் நல்லாகிடுச்சு, டாக்டருக்குக் காட்ட ஒண்ணுமில்ல. மூணாவது தடவ போன்ல படம் எடுத்துட்டுப் போனேன், பார்த்த ஒடனே சொல்லிட்டாங்க. ரத்தக்குழாய விரிக்கிற நிஃபெடிபின் குளிசை குடுத்தாங்க, மொதல் வாரம் தலையிடி, பொறகு கொறஞ்சிச்சு, இப்ப குளிர் மாசத்துக்கு மட்டும் எடுக்கிறேன். பிரஷருக்கோ ஒத்தத் தலைவலிக்கோ ப்ரோப்ரனோலோல், அட்டெனோலோல் எடுத்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அது இத கூட்டலாம், ஆனா நீங்களா நிப்பாட்டிடாதீங்க.

விரல் நுனியில புண்ணு ஏதாச்சும் இருக்கான்னு நீங்க எழுதல தங்கச்சி. ராத்திரி மேஸ கழட்டி வெளிச்சத்துல ஒவ்வொரு கால் விரலையும் பாருங்க, புண்ணோ கறுத்த புள்ளியோ இருந்தா நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.