தினமும் அப்டேட் செய்தும் ஓட்டை அடைபடவில்லையே?

கேள்வி: எங்கள் அலுவலக உபுண்டு சர்வரில் தினமும் காலையில் 'சுடோ ஆப்ட் அப்டேட்' அடித்துவிடுகிறேன். ஆனாலும் சோதித்துப் பார்த்தவர், பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்தான் (இணையத்தில் போகும் தகவலைப் பூட்டிப் பாதுகாக்கும் மென்பொருள்) ஓடுகிறது என்கிறார். எங்கே தப்பு? (ஈரோடு வாசகர்)

பதில்: அந்தக் கட்டளை எதையும் நிறுவாது சார். கடையில் என்ன சரக்கு வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதுப்பித்துக்கொள்ளும், சரக்கை வீட்டுக்குக் கொண்டுவர 'ஆப்ட் அப்கிரேட்' அடிக்க வேண்டும். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்!

சரி, அப்கிரேடும் ஆயிற்று என்றால் வேலை முடிந்ததா? இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், டிஸ்கில் புது லைப்ரரி (ஓப்பன்எஸ்எஸ்எல் போல, பல புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோடு) வந்த பிறகும், மெமரியில் ஏற்றிய பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 'ஹார்ட்பிளீட்' என்ற பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியானபோதும் பேட்ச் போட்டால் மட்டும் போதவில்லை, வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால்தான் ஓட்டை அடைபட்டது. எதையெல்லாம் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதை 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி சொல்லிவிடும். கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாறியிருந்தால் வழக்கமாக ரீபூட்தான். 'வார் ரன்' (/var/run) ஃபோல்டரில் 'ரீபூட்-ரிக்வயர்ட்' என்ற ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ரீபூட் பாக்கி.

தினமும் கையால் அடிப்பதைவிட 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' என்ற புரோகிராமை வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பு பேட்சுகளை அதுவே போட்டுவிடும், ஆனால் நீங்கள் சொல்லாமல் ரீபூட் செய்யாது. அப்புறம், பேக்கப் எடுக்காமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய அப்கிரேடில் கைவைக்காதீர்கள், சனிக்கிழமை முழுக்க அலுவலகத்தில்தான் இருப்பீர்கள்.