உடற்பயிற்சி செய்ய மனமே வரவில்லை, என்ன செய்வது?

செங்கோட்டையில் இருப்பதாகவும், சாரல் தொடங்கியதும் காலை நடை நின்றுபோய், மறுபடி தொடங்க மனமே வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் பக்கத்தில் தென்காசிதான். ஜூன் பிறந்து புளியரைப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசும்போது போர்வையை விட்டு எழுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

மனம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் நடக்கத் தொடங்கிய பிறகுதான் மனம் வரும். முதல் வாரம் 5 நிமிடம் போதும்; தெருமுனை வரை போய்த் திரும்புங்கள். அதுவும் கணக்கில் சேரும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்று முன்பு இருந்த நிபந்தனை 2020 வழிகாட்டுதலில் இல்லை.

அப்புறம், தினமும் செய்யும் ஒரு வேலையோடு நடையைச் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். பால் வாங்க பைக்கை எடுக்காமல் நடந்து போனதுதான் எனக்குக் கைகொடுத்தது. மழை வலுத்தால் மாடிப்படி இருக்கிறது. ஒரு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை, மறுநாள் விடாதீர்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தீராத அசதி இருந்தால் மட்டும் சோம்பேறி என்று உங்களையே திட்டிக்கொள்ளாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.