பாஸ்டனின் ‘பிக் டிக்’ சுரங்கச் சாலை: கேள்விகளும் பதில்களும்

பெருநகர்ச் சாலைத் திட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கட்டப்பட்ட ‘பிக் டிக்’ என்னும் சுரங்கச் சாலையை நான் எடுத்துக்காட்டுவதால், அதைப் பற்றிய கேள்விகள் பல வந்துள்ளன. சுரங்க ரயில் நிலையக் கட்டுமானத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மேம்பாலச் சாலையை ஏன் பூமிக்குள் இறக்கினார்கள்? (கட்டடப் பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்)

நன்றாக ஓடவில்லை, அம்மா. நகரின் நடுவே ஆறு தடங்களுடன் 1959-இல் திறக்கப்பட்ட அந்த மேம்பாலச் சாலை நாளொன்றுக்கு 75,000 வண்டிகளுக்கென வடிவமைக்கப்பட்டது; 1990-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 2,00,000 வண்டிகள் அதில் ஊர்ந்துகொண்டிருந்தன. அதைக் கட்டும்போது சுமார் 20,000 பேர் வீடிழந்தனர், கடற்கரையோரக் குடியிருப்புகள் நகரிலிருந்து துண்டிக்கப்பட்டன. அந்தக் கசப்பு மறையாத ஊரில் இன்னொரு மேம்பாலத்தைப் பற்றிப் பேசவே முடியாது. மாநிலப் போக்குவரத்துச் செயலராக இருந்த ஃபிரெட் சல்வுச்சி, பழைய சாலைக்கு நேர் கீழே சுரங்கம் தோண்டிவிட்டு மேலே இருப்பதை இடிப்பது என்ற திட்டத்தை முன்னெடுத்தார். இன்னொரு நெடுஞ்சாலைக்காகத் தம் பாட்டியின் வீடு பறிபோனதைக் கண்டவர் அவர்; வீடுகளை இடிக்காத பாதையை அவர் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: 280 கோடி டாலர் என்று தொடங்கி 1,480 கோடியில் முடிந்ததாகப் படித்தேன். இது ஊழலா, கணக்குப் பிழையா? (ஓய்வுபெற்ற தணிக்கையாளர், திருச்சி)

இரண்டையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: முதல் எண்ணே முழுத் திட்டத்தின் எண் அல்ல. 280 கோடி என்பது 1982-ஆம் ஆண்டு விலைவாசியில் போடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளின் விலை உயர்வு அதில் கிடையாது. இறுதிச் செலவையும் 1982 விலைக்கு மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 800 கோடி வரும். ஆகவே ஐந்து மடங்கு என்பது மிகை, மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு என்பதே நேர்மையான ஒப்பீடு. அந்த மூன்று மடங்குக்கும் மன்னிப்பில்லை என்பது வேறு விஷயம். மண் ஆய்வும் விரிவான வடிவமைப்பும் முடியாத நிலையில் எண்ணை அறிவித்தார்கள். சார்லஸ் ஆற்றைக் கடக்கும் பகுதிக்கு முதலில் முன்வைத்த வடிவம் எதிர்ப்பால் கைவிடப்பட்டு, இன்றுள்ள கம்பிவடப் பாலம் பிறகுதான் வந்தது. பணியின்போது நகரம் இயங்குவதற்கான ஏற்பாடுகளும் பின்னரே கணக்கில் சேர்ந்தன.

மறைத்தலும் நடந்தது. 140 கோடி டாலர் கூடுதல் செலவு வெளியே சொல்லப்படாமல் இருந்தது 2000-ஆம் ஆண்டில் அம்பலமாகி, திட்டத்தின் பொறுப்பிலிருந்த டர்ன்பைக் ஆணையத்தின் (மாநிலத்தின் சுங்கச் சாலை அமைப்பு) தலைவர் பதவியிழந்தார். கடனுக்கான வட்டியையும் சேர்த்தால் மொத்தச் சுமை 2,400 கோடி டாலரை எட்டும் என்று 2012-இல் கணக்கிடப்பட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற அளவுக்குப் போகவில்லையே தவிர, அந்தத் திசையில்தான் போயிற்று.

கேள்வி: மேலே வண்டிகள் ஓடும்போது கீழே எப்படித் தோண்டினார்கள்? பாலம் சரியாதா? (தள மேற்பார்வையாளர், ஆவடி)

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதலில் பழைய மேம்பாலத்தின் இருபுறமும் குறுகிய ஆழமான பள்ளங்களைத் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட அவற்றில் பென்டோனைட் என்னும் களிமண் குழம்பை நிரப்பியதால் பக்கச் சுவர்கள் சரியவில்லை. பிறகு எஃகு உத்தரங்களை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட்டை ஊற்ற, அது குழம்பை மேலே தள்ளிக்கொண்டு சுவராக இறுகியது. நம் சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் நீங்கள் பார்க்கும் டி-வால் என்னும் நிலத்தடிக் கான்கிரீட் சுவர் இதே இனம்தான். பாஸ்டனில் கூடுதலாகச் செய்தது என்னவென்றால், மேம்பாலத்தின் பாரத்தைப் பழைய தூண்களிலிருந்து எடுத்து, இந்தப் புதிய சுவர்கள்மேல் குறுக்காகப் பொருத்திய உத்தரங்களுக்கு மாற்றியதாகும். அதன் பின்னரே பழைய அடித்தளங்களை அகற்றிவிட்டு நடுவிலிருந்த மண்ணை எடுத்தார்கள். கட்டுமானத்துக்கான சுவரே சுரங்கத்தின் நிரந்தரச் சுவராகவும், மேலிருந்த பாலத்தின் தற்காலிகக் காலாகவும் மூன்று வேலைகளைச் செய்தது.

தெற்கு ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு அடியில் இந்த முறையும் செல்லாது. அங்கே குழாய்களின் வழியே மிகக் குளிர்ந்த உப்புக் கரைசலைச் செலுத்தி மண்ணையே உறையவைத்து, முன்கூட்டியே வார்த்த மாபெரும் கான்கிரீட் பெட்டிகளை ஜாக்கிகளால் அங்குலம் அங்குலமாக உள்ளே தள்ளினார்கள். மேலே ரயில்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் 2006-இல் கூரை எப்படி விழுந்தது? (பெயர் வேண்டாம்)

விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் இணைப்புச் சுரங்கத்தில், புகையை வெளியேற்றும் காற்றுப்பாதைக்காகக் கனமான கான்கிரீட் பலகைகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றைத் தாங்கிய ஆங்கர் போல்ட்டுகள், துளையிட்டு எபாக்ஸி பசையால் ஒட்டப்பட்டவை. 2006 ஜூலை 10 அன்று இரவு அவை நழுவி, ஏறக்குறைய 26 டன் எடை ஒரு காரின்மேல் விழுந்து, அதிலிருந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். விரைவில் இறுகும் வகைப் பசை தொடர்ந்து தொங்கும் எடையின் கீழ் மெல்ல மெல்ல இளகி நீளும் தன்மையுடையது. சில நிமிடங்கள் இழுத்துப் பார்க்கும் சோதனையில் அது தேறிவிடும், ஆண்டுக்கணக்கில் தொங்கும்போது தோற்றுவிடும்.

என் தூக்கத்தைக் கெடுப்பது பசை அல்ல. கட்டுமானம் நடந்துகொண்டிருந்த 1999-இலேயே சில போல்ட்டுகள் கீழே இறங்கியிருந்ததைப் பார்த்து, மாற்றிப் பொருத்திவிட்டு, ஏன் இறங்கின என்பதைக் கண்டறியாமலே மேலே சென்றார்கள். திறந்த பிறகு முறையாக ஆய்வு செய்திருந்தால் நழுவல் முன்பே தெரிந்திருக்கும் என்று விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கூறியது. நானும் ஒரு நிலையப் பணியில், கசிந்த மூட்டொன்றை மூன்று முறை அடைத்த பிறகுதான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கியவன். ஆகவே அவர்களை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: மேற்பார்வை யாருடையது?

வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் நிர்வகிக்க பெக்டெல், பார்சன்ஸ் பிரிங்கர்ஹாஃப் என்ற இரு நிறுவனங்களின் கூட்டணி அமர்த்தப்பட்டது. அவர்களைக் கண்காணிக்க மாநிலத்திடம் இருந்த பொறியாளர்களோ மிகச் சிலர். 1998-இல் அந்தச் சிலரையும் கூட்டணியின் ஊழியர்களோடு ஒரே அமைப்பாக இணைத்தார்கள். செலவு குறையும் என்பது வாதம். விளைந்ததோ வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதை: ஆலோசகரின் வேலையைச் சரிபார்க்க வேண்டியவர் ஆலோசகரின் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். 2004-இல் சுவரின் ஒரு பலகம் உடைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்தபோதும், 2006 விபத்தின்போதும் இந்தக் கேள்விதான் எழுந்தது. இறுதியில் 2008-இல் கூட்டணியும் பிற நிறுவனங்களும் 45 கோடி டாலருக்கு மேல் தந்து வழக்குகளை முடித்துக்கொண்டன. பெரிய திட்டத்தை எடுக்கும் அரசுத் துறை எதை வெளியாருக்கு விட்டாலும், வரைபடத்தைப் படித்து “இது தவறு” என்று சொல்லக்கூடிய சொந்தப் பொறியாளர்களை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: சாலைக்கு இவ்வளவு கொட்டியவர்கள் ரயிலுக்கு என்ன செய்தார்கள்? (பேருந்துப் பயணி, சைதாப்பேட்டை)

வாக்குறுதி தந்தார்கள். வண்டிகளால் காற்று கெடும் என்று சுற்றுச்சூழல் அமைப்பொன்று வழக்குத் தொடுக்க முனைந்ததால், 1990-இல் சில பொதுப் போக்குவரத்துப் பணிகளைச் செய்து தருவதாக மாநிலம் ஒப்புக்கொண்டது. அவற்றுள் ஒன்றான, பசுமைத் தடம் என்னும் நகர ரயில் பாதையின் நீட்டிப்பு, சுரங்கச் சாலை முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2022-இல்தான் திறக்கப்பட்டது. சிவப்புத் தடத்தையும் நீலத் தடத்தையும் இணைக்கும் பணி நடக்கவே இல்லை. இவ்வாறான பணிகளுக்கான கடனில் பெரும்பகுதி ரயில், பேருந்து நிறுவனத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டது. வடக்கு, தெற்கு ரயில் நிலையங்களை இணைக்கும் பாதையையும் அதே பள்ளத்தில் சேர்த்துத் தோண்டலாம் என்ற யோசனை செலவுக்கு அஞ்சிக் கைவிடப்பட்டது. தெரு ஏற்கெனவே திறந்திருந்த அந்த வாய்ப்பு இனி வராது.

கேள்வி: நெரிசல் குறைந்ததா?

நகர மையத்தில் கண்கூடாகக் குறைந்தது. நெரிசலின் ஒரு பகுதி நகருக்கு வெளியே உள்ள சாலைகளுக்கு இடம்பெயர்ந்தது என்பதும் உண்மை.

கேள்வி: தோண்டிய மண் எங்கே போயிற்று? (பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்)

1 கோடியே 60 லட்சம் கன கெஜத்துக்கு மேல் வந்த அந்த மண்ணின் ஒரு பகுதி, துறைமுகத்திலுள்ள ஸ்பெக்டகிள் தீவுக்குப் படகில் சென்றது. நகரின் குப்பையைப் பல்லாண்டுகள் கொட்டிவந்த இடம் அது. குப்பைமேட்டை மண்ணால் மூடி, மரங்களை நட்டு, 2006-இல் பூங்காவாகத் திறந்தார்கள். கோடையில் படகேறிப் போய்வரலாம்.