இகாலுயிட் துறையும் கோடைக் கப்பலும்: கேள்வி பதில்

கேள்வி: கனடாவின் வடகோடிப் பகுதியான நூனவுட்டுக்கு ரோடே கிடையாதாமே? சிமெண்ட், மாவு, கார் எல்லாம் எப்படிப் போகிறது?

கிடையாது. மொத்தம் 25 ஊர்கள். தெற்கிலிருந்து சாலையும் இல்லை, ரயிலும் இல்லை. பால், காய்கறி விமானத்தில் வரும். கனமான சரக்கு முழுக்கக் கோடைக் கப்பலில்தான். தலைநகர் இகாலுயிட்டுக்கு ஜூன் கடைசி அல்லது ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை கப்பல் வரும். அதற்குப் பிறகு கடல் உறைந்துவிடும்.

கேள்வி: சார், 2023இல்தான் இகாலுயிட்டில் பெரிய கப்பல் கட்டும் ஆழ்துறை வந்தது என்கிறார்கள். அதுவரை எப்படி இறக்கினார்கள்?

கப்பல் கரைக்கு வராது, தள்ளி நங்கூரம் போடும். தன் மேலேயே ஏற்றி வந்த இழுவைப் படகையும் பார்ஜையும் (தட்டையான சரக்குப் படகு) கிரேனால் நீரில் இறக்கும். பார்ஜில் சரக்கை அடுக்கி, நீர் ஏறும் நேரம் பார்த்துக் கரையில் முட்டவிடுவார்கள். லோடர் வண்டி வந்து முன்னால் நீட்டிய இரும்புக் கரங்களில் (ஃபோர்க்) எடுத்துப் போகும்.

சிக்கல் என்னவென்றால், அங்கே கடல்நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 11 மீட்டர் வரை போகும். வற்றத்தில் கரையோரம் முழுக்கச் சேறும் பாறையுமாகக் கிடக்கும். பார்ஜ் நெருங்கவே முடியாது. இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆகவே வேலை நேரம் தினமும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும், நடுநிசியிலும் இறக்க வேண்டிவரும். பெருங்காற்று அடித்தால் அன்றைய ஏற்றம் வீண்.

இப்போது கப்பல் நேரே துறையில் கட்டுகிறது. ஆனால் நூனவுட்டின் மற்ற ஊர்களில் பெரும்பாலானவற்றில் இன்றும் பார்ஜும் கரையும்தான். துறை வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து அங்கே வேலைக்குப் போகிறேன் அண்ணா. வீட்டுச் சாமானை எப்படிக் கட்டுவது? கட்டணம் எடைக்கா, அளவுக்கா?

இரண்டில் எது கூடுதலோ அதற்கு. 1,000 கிலோவோ 2.5 கன மீட்டரோ ஒரு டன் கணக்கு. 1.2 x 1.2 x 2.4 மீட்டர் பெட்டி 3.46 கன மீட்டர். உள்ளே 600 கிலோதான் இருந்தாலும் 1.38 டன்னுக்குக் காசு. பெட்டிக்குள் காலி இடம் விட்டால் காற்றுக்குக் கட்டணம் கட்டுகிறீர்கள்.

அட்டைப்பெட்டி வேண்டவே வேண்டாம். 2x4 அங்குலக் கட்டையில் சட்டம், மேலே பிளைவுட், ஆணிக்குப் பதில் ஸ்குரூ. அடியில் ஃபோர்க் நுழைய 4 அங்குலம் இடைவெளி கட்டாயம். அது இல்லாத பெட்டியை லோடர் தள்ளித்தான் நகர்த்தும், அடிப்பலகை பிளக்கும். கனமானது கீழே. பெயர், ஊர், தொலைபேசி எண் நாலு பக்கமும் அழியாத மையில். பொருள் பட்டியல் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே பிளாஸ்டிக் உறையில்.

பெயிண்ட், ஸ்பிரே டப்பா, பேட்டரி, கேஸ் சிலிண்டர் ஆபத்தான சரக்கு. தனியாகக் கட்டி, முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மறைத்து வைத்தது பிடிபட்டால் முழுப் பெட்டியும் ஏற்றும் துறையிலேயே நின்றுவிடும். கடைசிக் கப்பலில் சோடா கேன், தண்ணீர் கலந்த பெயிண்ட் அனுப்பாதீர்கள். உறைந்தால் கேன் வெடிக்கும், பெயிண்ட் திரிந்துபோகும்.

கேள்வி: பெட்டி வீடு வரை வருமா?

வராது. கரையில் ஏற்றநீர் எட்டும் கோடு வரைதான் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு. அங்கிருந்து எடுத்துப்போக வண்டிக்கு முன்பே சொல்லிவையுங்கள். உடைசல் இருந்தால் கையெழுத்துப் போடும்போதே ரசீதில் எழுதிவிடுங்கள், படமும் எடுங்கள்.

கேள்வி: டீசல்?

டாங்கர் கப்பலில். துறை இல்லாத ஊரில் மிதக்கும் ஹோஸ் போட்டுக் கரைக் குழாயில் இணைப்பார்கள். முதலில் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பார்கள், பிறகு மெதுவாகப் பம்ப் செய்து வேகம் கூட்டுவார்கள். கப்பலிலும் கரையிலும் ஆள் ரேடியோவோடு நின்றுகொண்டே இருக்க வேண்டும். மின்சாரமும் டீசலில்தான் என்பதால் அடுத்த கோடை வரைக்குமான இருப்பைச் சேர்த்தே நிரப்புகிறார்கள்.

கேள்வி: கார் அனுப்பலாமா?

அனுப்பலாம். டாங்கில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் வேண்டாம். இன்ஜினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரைத் தெற்கிலேயே பொருத்திவிடுங்கள். குளிர் மைனஸ் 30க்குப் போனால் அது இல்லாமல் இன்ஜின் கிளம்புவது கஷ்டம்.