கிறிஸ்துமஸ் சமயத்தில் பில்ட்மோர் மாளிகை: போகலாமா, பகலிலா இரவிலா?

சென்னையிலிருந்து பெற்றோர் வந்திருக்கிறார்கள், டிசம்பரில் ஷார்லட்டிலிருந்து அதே வட கரோலைனா மாநிலத்து ஆஷ்வில் ஊருக்குப் போய் பில்ட்மோர் மாளிகையைப் பார்க்க ஆசை, டிக்கெட் விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது, போனால் பகலிலா இரவிலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். முடிந்தால் இரவில் போங்கள்.

இந்த வீட்டின் கிரகப்பிரவேசமே கிறிஸ்துமஸ்தான். 1889-ல் கட்ட ஆரம்பித்து, 1895 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அமெரிக்கப் பெரும் பணக்காரக் குடும்பத்து ஜார்ஜ் வாண்டர்பில்ட் தன் சொந்தபந்தங்களை அழைத்துத் திறந்த வீடு இது. அப்போது அவருக்கு வயது 33, கல்யாணம்கூட ஆகவில்லை. 250 அறைகள்! வசந்தகாலத்திலும் இங்கே போயிருக்கிறேன். தோட்டம் அப்போது கொள்ளை அழகு. ஆனால் வீட்டுக்குள் நடக்கும்போது அருங்காட்சியகம் பார்த்த உணர்வுதான் வந்தது. டிசம்பரில் அப்படி இல்லை. விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று வீடே தயாராகிக் காத்திருப்பதுபோல் இருக்கும்.

விருந்து மண்டபத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். கூரை 70 அடி உயரம், ஒரு பக்கம் வரிசையாக மூன்று கணப்படுப்புகள், எதிர்ப்பக்கம் மாடத்தில் ஆர்கன் இசைக்கருவி. நடுவே சுமார் 35 அடி உயரக் கிறிஸ்துமஸ் மரம், ஃப்ரேசர் ஃபர் என்ற ஊசியிலை மர வகை. நவம்பர் தொடக்கத்தை ஒட்டி ஊழியர்கள் பலர் சேர்ந்து அதைத் தூக்கிவந்து, கயிறு கட்டி நிமிர்த்துவார்கள். எங்கிருந்தோ வரவழைத்த இனம் இல்லை அது, அந்தப் பக்கத்து அப்பலாச்சியன் மலை உச்சிகளில் தானாக வளர்வது. கிளைகளில் தொங்கும் பரிசுப் பொட்டலங்களைக் கவனியுங்கள். எஸ்டேட்டில் வேலை செய்தவர்களின் குழந்தைகளுக்கு இங்கே கிறிஸ்துமஸ் விருந்து வைத்துப் பரிசு கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1898-ல் ஜார்ஜை மணந்து வந்த ஈடித் அதைத் தன் பொறுப்பாகவே எடுத்துச் செய்தார். எனக்கு அந்த மாளிகையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இரவில் போகச் சொல்வது வெளிச்சத்துக்காக. பகலில் ஜன்னல் வெளிச்சம் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. இரவில் கணப்பு நெருப்பும் மெழுகுவத்தி ஒளியும் பாட்டும் சேரும்போது, நூலகத்து வால்நட் அலமாரிகளும் கூரை ஓவியமும் வேறு அழகு. பெரிய மாடிப்படியின் நடுவே நாலு மாடி உயரத்துக்குத் தொங்கும் இரும்பு விளக்குக்கொத்தையும் அப்போதுதான் பார்க்க வேண்டும்.

கீழ்த்தளத்தைத் தவறவிடாதீர்கள். மேலே கிறிஸ்துமஸ் மரங்களைப் பார்த்துக் களைத்துப்போய், பலரும் இங்கே வேகமாக நடந்துவிடுகிறார்கள். பலகாரத்துக்குத் தனி அடுக்களை, இறைச்சி சுடுவதற்குத் தனி அடுக்களை, சலவை அறைகள், வேலைக்காரர்கள் தூங்கிய சின்ன அறைகள், அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட கூடம் எல்லாம் இருக்கின்றன. மேலே நடந்த விருந்து எத்தனை பேர் உழைப்பில் நடந்தது என்பது இங்கேதான் தெரியும். ஊரில் கல்யாண வீட்டுப் பின்கட்டைப் பார்த்த உங்கள் அம்மாவுக்கு இந்தப் பகுதி நிச்சயம் பிடிக்கும்.

விலைக்கு வருவோம். நாளைப் பொறுத்து மாறும். வார நாளில் குறைவு, சனிக்கிழமையிலும் கிறிஸ்துமஸை ஒட்டியும் அதிகம். நேரம் குறித்துத்தான் டிக்கெட் தருவார்கள், அதனால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஒருவேளை இரவு டிக்கெட் கட்டுப்படியாகாவிட்டால், வார நாளில் பகலின் கடைசி நேரத்தை எடுங்கள். டிசம்பரில் அங்கே ஐந்தரைக்குள் சூரியன் மறைந்து இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் பாதி வீட்டையாவது விளக்கொளியில் பார்க்கலாம்.

2024 செப்டம்பர் ஹெலீன் புயலில் ஆஷ்வில் பட்ட பாடு தெரிந்திருக்கும். எஸ்டேட்டை மூடி, நவம்பர் 2 அன்று கிறிஸ்துமஸ் அலங்காரத்தோடுதான் மறுபடி திறந்தார்கள். அந்த ஊரின் ஹோட்டல்களும் கடைகளும் சுற்றுலாவை நம்பியவை. ஓர் இரவு தங்கி, ஊருக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம், உள்ளே படிகள் நிறைய. அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் நுழைவிலேயே ஊழியர்களிடம் சொல்லி, லிஃப்ட் வழி கேட்டுக்கொள்ளுங்கள்.